காரணமா, விளைவா? நாட்பட்ட வயிற்று நோயும் மனத்துயரும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

நாட்பட்ட வயிற்று நோய் உடையோரிடம் காணப்படும் பதற்றமும் மனச்சோர்வும் மருத்துவ வரலாற்றில் எவ்வாறு விளக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் மரபில் குன்மம், சூலை ஆகிய சொற்கள் சுட்டும் நோயனுபவம் முதலில் நோக்கப்படுகிறது. பின்னர் 1822 முதல் 2016 வரை மேலை மருத்துவம் வயிற்றுக்கும் மனத்துக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்ட படிநிலைகள் ஆராயப்படுகின்றன. மனத்துயர் நோய்க்குக் காரணம் எனக் கருதப்பட்ட காலத்தில் நோயாளி பழிக்கு ஆளானார். காரணம் வேறு எனத் தெரிந்தபின் அவருடைய மனத்துயரே கவனத்திலிருந்து மறைந்தது. இவ்விரு நிலைகளுக்கும் ‘காரணம் எது’ என்ற ஒற்றைக் கேள்வியே அடிப்படை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குன்மம், சூலை, இரைப்பைப் புண், மனச்சோர்வு, பதற்றம், உளவுடலியம், நெய்யூர், மருத்துவ வரலாறு.

முன்னுரை

ஆண்டுக்கணக்கில் வயிற்று நோயால் வருந்தும் ஒருவர் மருத்துவரிடமும் உறவினரிடமும் இரண்டு கூற்றுகளை அடிக்கடி கேட்க நேர்கிறது. ‘கவலைப்பட்டுக் கவலைப்பட்டே வயிற்றைக் கெடுத்துக்கொண்டாய்’ என்பது ஒன்று. ‘சோதனையில் ஒன்றும் இல்லை, மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே’ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அன்றாடப் பேச்சாகத் தோன்றினாலும், இவற்றின் பின்னே ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால மருத்துவச் சிந்தனை உள்ளது. முதற்கூற்று நோயாளியின் மனத்தைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது அவருடைய வேதனையை இல்லை என்கிறது. இக்கூற்றுகள் உருவான வரலாற்றை அறிவது, இன்றைய நோயாளியின் நிலையைப் புரிந்துகொள்வதற்கும் இன்றியமையாதது.

குன்மமும் சூலையும்

சித்த மருத்துவம் செரிமானப் பாதையைச் சார்ந்த நாட்பட்ட நோய்கள் பலவற்றைக் ‘குன்மம்’ என்னும் பெயரால் குறிக்கிறது. யூகி முனிவர் பெயரால் வழங்கும் மருத்துவ மரபு குன்மத்தை எட்டாக வகுத்துக் கூறும். உணவு செரியாமை, வயிற்றெரிச்சல், வலி, வாந்தி, உடல் மெலிவு முதலியன இதன் குறிகுணங்களாகச் சொல்லப்படுகின்றன. ‘குன்றுதல்’ என்னும் வினையடியோடு இப்பெயரை இணைத்து, உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்வதால் குன்மம் எனப்பட்டது என்று விளக்குவதும் சித்த மருத்துவ மரபில் உண்டு. இச்சொல்லை இன்றைய இரைப்பைப் புண்ணுக்கு நேரான கலைச்சொல்லாகக் கொள்வது பொருந்தாது. அது பல நோய்நிலைகளை உள்ளடக்கியது. ஆயினும் உள்ளத்தின் குன்றலை நோய்க்கு வெளியே நிற்கும் காரணமாக மட்டும் கருதாமல், நோயின் உறுப்பாகவே எண்ணும் பார்வை இவ்விளக்கத்தில் உள்ளது.

‘சூலை’ என்னும் சொல் வலியின் தன்மையை முதன்மைப்படுத்துவது. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசரின் வாழ்வில் இந்நோய் பெறும் இடம் நன்கறியப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, சமண சமயத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்தவரைச் சூலை பற்றுகிறது. உடனிருந்தோர் செய்த முயற்சிகள் பயன்படவில்லை. அவர் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் அனுப்புகிறார். பின்னர் இரவில் தாமே அங்குச் செல்கிறார். இது சமயச் சார்புடைய வரலாற்றுக் காப்பியம். இதனை நோய்க்குறிப்பாகப் படித்தல் இயலாது. எனினும் வலியோடு வரும் தனிமையையும், நோயுற்றவர் உறவை நாடும் நிலையையும் சேக்கிழார் நோயின் பகுதியாகவே காட்டுகிறார். நாவுக்கரசரின் முதற்பதிகமோ குடரை முடக்கும் வலியைத் தன்மையிடத்தில் நின்று முறையிடுகிறது. நோயுற்றவரின் குரலே நோயைச் சொல்லும் பழந்தமிழ்ப் பதிவுகளுள் ஒன்று அது. பின்வந்த மேலை மருத்துவ வரலாற்றில் அரிதாகவே கேட்பது இந்தக் குரல்தான்.

திறந்த வயிறு: செயின்ட் மார்ட்டின்

உணர்ச்சிக்கும் இரைப்பைக்கும் உள்ள தொடர்பை மேலை மருத்துவம் கண்ணால் கண்டது ஒரு விபத்தின் வழியாகும். 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மெக்கினா தீவில், தோல் வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அலெக்சி செயின்ட் மார்ட்டின் என்னும் பிரெஞ்சுக் கனடிய இளைஞர்மீது அருகிலிருந்து துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. படை மருத்துவர் வில்லியம் போமண்ட் அவர் உயிரைக் காத்தார். காயம் ஆறியபோதும் இரைப்பையில் ஏற்பட்ட துளை மூடவில்லை. அத்துளை வழியே போமண்ட் பல ஆண்டுகள் சோதனைகள் செய்து, 1833இல் தம் நூலை வெளியிட்டார். இரைப்பை நீர் உணவைக் கரைப்பது வேதியியல் செயல் என்பதை நிறுவியதில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அச்சம், சினம் ஆகியவற்றின்போது இரைப்பையின் உட்படலம் நிறம் மாறுவதையும் சுரப்பு குறைவதையும் போமண்ட் குறித்துள்ளார். அக்குறிப்புகளில் செயின்ட் மார்ட்டினின் சினம் செரிமானத்தை மாற்றும் ஒரு புறக்காரணியாக இடம்பெறுகிறது. அச்சினம் ஏன் எழுந்தது என்பது ஆய்வுப் பொருளாகவில்லை. அவர் போமண்டின் வீட்டில் வேலையாளாக இருந்தவர்; ஒப்பந்தத்தால் சோதனைக்குக் கட்டுப்பட்டவர்; குடும்பத்தைப் பிரிந்து இருந்தவர். 1834இல் கனடாவுக்குத் திரும்பிய அவர், போமண்ட் எத்தனை முறை அழைத்தும் மீண்டும் வரவில்லை. 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் அவ்வுடலை ஆய்வுக்குப் பெற முயன்றார். குடும்பத்தினர் மறுத்ததோடு, எவரும் தோண்டி எடுக்காதவாறு ஆழமான குழியில் அடக்கம் செய்தனர்.  குடும்பத்தின் அச்செயல் அவர் சார்பில் எஞ்சிய சான்றுகளுள் ஒன்று.

உணர்ச்சியின் உடலியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வுறவு ஆய்வகத்துள் நுழைந்தது. உணவு இரைப்பையைச் சேராவிடினும், அதனைக் கண்டும் சுவைத்தும் இரைப்பை நீர் சுரப்பதை இவான் பாவ்லோவ் நாய்களிடம் காட்டினார். செரிமான உடலியலுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்காவில் வால்ட்டர் கேனன் பூனைகளை எக்ஸ் கதிரால் நோக்கியபோது, அவை கலவரமுற்றவுடன் இரைப்பையின் அசைவு நின்றுவிடுவதைக் கண்டார். வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் நேரும் மாற்றங்கள் பற்றிய அவரது நூல் 1915இல் வெளிவந்தது. உணர்ச்சி நரம்பின் வழியாக வயிற்றை இயக்குகிறது என்பது இவ்வாறு அறிவியல் உண்மையாயிற்று. இதற்கிடையில், அமிலம் இன்றிப் புண் இல்லை என்னும் கருத்தைக் குரோவேசிய அறுவை மருத்துவர் ஷ்வார்ட்ஸ் 1910இல் முன்வைத்திருந்தார். உணர்ச்சி அமிலத்தை மிகுவிக்கும், அமிலம் புண்ணை உண்டாக்கும் என்ற இணைப்புக்கு வழி திறந்தது.

நியூயார்க்கில் ஸ்டூவர்ட் வுல்ஃப், ஹேரல்ட் வுல்ஃப் ஆகிய இருவரும் 1943இல் வெளியிட்ட ஆய்வு இவ்விணைப்புக்கு வலுவூட்டியது. அவர்கள் ‘டாம்’ எனக் குறிப்பிட்டவர், ஒன்பது வயதில் கொதிக்கும் சூப்பை விழுங்கி உணவுக்குழாய் மூடிப்போனவர். வயிற்றில் அமைக்கப்பட்ட துளை வழியே உணவு செலுத்தி வாழ்ந்தவர். அதனைப் பிறர் அறியாமல் மறைத்தவர். ஆய்வகத்திலேயே அவருக்கு வேலையும் தரப்பட்டது. ஒருநாள், காணாமற்போன தாள்களைத் தேடி மருத்துவர் ஒருவர் சினத்துடன் உள்ளே வந்தார். அவற்றை இடம் மாற்றி வைத்துவிட்ட டாம் அஞ்சினார். இரைப்பையின் உட்படலம் வெளிறியது. மற்றொரு நாள், வேலை சரியில்லை என்று இழிவாகப் பேசி அவரை நீக்கியபோது அவர் உள்ளுக்குள் கொதித்தார். உட்படலம் சிவந்து அமிலச் சுரப்பு மிகுந்தது. அச்சமும் சினமும் வயிற்றில் எதிரெதிர் விளைவுகளைத் தந்தன. இருப்பினும் பிற்காலத்தில் பரவலாக நினைவுகொள்ளப்பட்டது சிவந்த வயிறு மட்டுமே.

குணமே நோயாதல்

இதே காலத்தில் சிகாகோ உளப்பகுப்பாய்வு நிறுவனத்தில் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் வேறொரு விளக்கத்தை உருவாக்கினார். பிறரைச் சார்ந்திருக்கவும் பேணப்படவும் விரும்பும் ஆழ்மன வேட்கையை ஒருவர் ஏற்க மறுத்து, அதற்கு எதிராகக் கடும் உழைப்பையும் முனைப்பையும் மேற்கொள்கிறார். அடக்கப்பட்ட வேட்கை உணவுக்கு ஏங்கும் வயிறாக ஓயாது சுரந்து புண்ணாகிறது என்பது அவர் கருத்தின் சாரம். 1950இல் வெளிவந்த அவரது உளவுடல் மருத்துவ நூல், உளக்காரணம் உடையவை எனக் கருதிய நோய்களுள் வயிற்றுப் புண்ணுக்குச் சிறப்பிடம் தந்தது.

இக்கருத்து உடலையும் மனத்தையும் ஒருங்கே நோக்கியது என்ற வகையில் முன்னேற்றமே. ஆனால் நோயாளி அடையும் பதற்றத்தை அது அவருடைய ஆளுமையின் இயல்பாக மாற்றியது. இரவில் வலியால் விழித்தெழுந்து, எதை உண்பது என அஞ்சி, வேலையை இழந்துவிடுவோமோ எனக் கலங்கும் ஒருவரின் கவலை, அந்த வலியிலிருந்து பிறந்ததாக இருக்கலாம் என்ற எண்ணம் பின்தள்ளப்பட்டது. பொறுப்பு மிகுந்த மேலாளரின் நோய் என்று வயிற்றுப் புண் மக்கள் மனத்தில் பதிந்தது. 1958இல் ஜோசப் பிரேடி குரங்குகளிடம் நடத்திய சோதனை இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அதில் மின்னதிர்ச்சியைத் தவிர்க்கும் நெம்புகோலை இயக்கும் ‘பொறுப்பு’ பெற்ற குரங்குகளுக்கே புண் வந்தது. பின்னர் ஜே வைஸ் எலிகளிடம் செய்த ஆய்வுகள் இதற்கு மாறான முடிவைத் தந்தன: அதிர்ச்சியைத் தவிர்க்க வழியற்ற எலிகளுக்கே புண் மிகுதியாக வந்தது. பிரேடி எந்தக் குரங்குக்கு எந்தப் பங்கு என்பதைத் தற்போக்கில் ஒதுக்காமல், விரைந்து கற்றவற்றுக்கே நெம்புகோலைத் தந்திருந்தது அவர் ஆய்வின் குறையாகச் சுட்டப்பட்டது.

நெய்யூர் தந்த மறுப்பு

மேலாளரின் நோய் என்ற கருத்துக்கு முரணான சான்று முன்னரே தென்னிந்தியாவில் இருந்தது. எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் பங்குபெற்ற ஹோவர்ட் சாமர்வெல், அன்றைய திருவிதாங்கூரிலும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கும் நெய்யூரில் இலண்டன் மிஷன் மருத்துவமனையின் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். அங்கு அவரிடம் பெருந்தொகையாக வந்தவர்கள் முன்சிறுகுடற் புண் உடைய நோயாளிகள். அவரும் உடன் பணியாற்றிய ஆர் என்பவரும் இந்நோய் குறித்து 1936இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் எழுதினர்.

அம்மருத்துவமனையை நாடியோரில் அரிசியையும் மரவள்ளிக் கிழங்கையும் உண்டு வாழ்ந்த ஏழை உழைப்பாளர் பலர் இருந்தனர். கோதுமை உண்ணும் வடபகுதிகளைக் காட்டிலும் அரிசி உண்ணும் தென்பகுதிகளில் இந்நோய் மிகுதி என்பதைப் பிற்கால ஆய்வுகளும், குறிப்பாக மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி போன்றோரின் ஆய்வுகளும், வலியுறுத்தின. இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சிகாகோ நோயாளியிடம் உளவியல் கேள்வி கேட்கப்பட்டது; தென்னிந்திய நோயாளியைப் பற்றி எழுந்த முதன்மையான கேள்வி உணவைப் பற்றியது. முன்னவருக்கு ஆழ்மனம் இருந்தது. பின்னவருக்கு உணவுப் பழக்கம் இருந்தது. கடன், கூலி இழப்பு, உண்ண அஞ்சும் உடல் ஆகியவற்றோடு வாழ்ந்த உழைப்பாளரின் மனத்துயர் இரு வகைப் பார்வையிலும் இடம்பெறவில்லை.

மோனிகாவின் மௌனம்

மனச்சோர்வை நோயின் காரணமாக மட்டும் காணாமல், நோயுற்ற வாழ்வின் நிலையாகக் கண்ட ஆய்வு 1950களில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஜார்ஜ் எங்கல், ஃபிரான்ஸ் ரைக்ஸ்மன் ஆகியோர் ‘மோனிகா’ என்னும் புனைபெயரால் குறித்த குழந்தை, உணவுக்குழாய் முழுமை பெறாமல் பிறந்தது. இரைப்பைத் துளை வழியே பாலூட்டப்பட்டது. பதினைந்து மாதத்தில் மருத்துவமனைக்கு வந்தபோது அது ஆழ்ந்த சோர்வில் இருந்தது. பழகிய மருத்துவர் அருகில் இருந்தால் குழந்தை முகம் மலரும், அமிலம் சுரக்கும். புதியவர் ஒருவர் மட்டும் வந்து நின்றால் முகத்தைத் திருப்பி, தசைகள் தளர்ந்து, அசைவற்றுக் கிடக்கும். அப்போது அமிலச் சுரப்பு ஏறத்தாழ நின்றுவிடும். 1956இல் வெளியான இவ்வாய்வு, சோர்வு என்பது உறவை இழந்த உயிர் தன்னைச் சுருக்கிக் காத்துக்கொள்ளும் நிலை என விளக்கியது.

மோனிகா வளர்ந்து தாயானபின், தம் குழந்தைகளை மார்போடு அணைக்காமல் மடியில் நீளக் கிடத்தி ஊட்டினார் என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தாம் ஊட்டப்பட்ட முறையை அவருடைய உடல் நினைவில் வைத்திருந்தது. நோய் ஒருவரின் மனத்தையும் உறவையும் எவ்வளவு ஆழமாக வடிவமைக்கிறது என்பதற்கு இது அரிய சான்று. உயிரியல், உளவியல், சமூகம் ஆகிய மூன்றையும் இணைக்கும் மருத்துவ நெறியை எங்கல் 1977இல் முன்மொழிந்தபோது, அதன் பின்னணியில் இத்தகைய நீண்ட கவனிப்பு இருந்தது.

நுண்ணுயிரும் மறதியும்

சிகிச்சை வேறொரு திசையில் விரைந்து சென்றது. லெஸ்டர் டிராக்ஸ்டெட் 1943இல் வேகஸ் நரம்பைத் துண்டிக்கும் அறுவையைத் தொடங்கினார். ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வால் உருவான சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் இரைப்பைத் திசுக்களில் வளைந்த நுண்ணுயிரிகளைக் கண்டார். பேரி மார்ஷல் அவருடன் இணைந்தார். 1982இல் அந்நுண்ணுயிரி ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டது. 1984இல் மார்ஷல் அதனைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். ஹெலிகோபாக்டர் பைலோரி எனப் பின்னர் பெயர்பெற்ற அந்நுண்ணுயிரியை உயிர்க்கொல்லி மருந்துகளால் அகற்றினால் புண் மீண்டும் வருவது பெரிதும் குறைந்தது. இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆழ்மன முரணுக்காகப் பழிசுமந்த எண்ணற்ற நோயாளிகளுக்கு இக்கண்டுபிடிப்பு விடுதலையாக அமைந்தது. அதே வேளையில் ஓர் இழப்பும் நேர்ந்தது. மனம் காரணம் இல்லை என்றால், மனம் பொருட்டும் இல்லை என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். உண்மையில் உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இந்நுண்ணுயிரி இருந்துள்ளது. அவர்களுள் சிறுபான்மையினருக்கே புண் வருகிறது. 1940-41இல் இலண்டன்மீது குண்டுகள் வீசப்பட்டபோது துளைபட்ட வயிற்றுப் புண்கள் மிகுந்ததாக 1942இல் பதிவாயிற்று. 1995இல் ஜப்பானின் ஹன்ஷின் நிலநடுக்கத்துக்குப் பின்னும் புண்ணிலிருந்து குருதி கசியும் நோயாளர் மிகுந்தனர். நுண்ணுயிரி தனித்துச் செயற்படவில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

உள்நோக்கிக் கருவியில் புண்ணோ அழற்சியோ தென்படாத, ஆனால் நாள்தோறும் வலியால் வருந்துவோரின் நிலை இன்னும் கடினமாயிற்று. செயற்பாட்டுச் செரியாமை எனப்படும் இந்நிலைக்கு நுண்ணுயிரியும் இல்லை, வடுவும் இல்லை. பழைய உளக்காரணக் கொள்கை மறைந்தபின்னும், அதன் பழிச்சொல் இவர்கள்மீது நிலைத்தது. 1980களின் இறுதியில் ரோமில் கூடிய வல்லுநர் குழு இத்தகைய நோய்நிலைகளை வரையறுக்கத் தொடங்கியது. 2016இல் வெளியான நான்காம் ரோம் வரையறை இவற்றைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான ஊடாட்டக் கோளாறுகள் எனப் பெயரிட்டது. ஆஸ்திரேலியாவில் 12 ஆண்டுகள் நடந்து 2012இல் வெளியான ஆய்வு இருதிசை உறவை உறுதிசெய்தது. தொடக்கத்தில் வயிற்று நோய் இல்லாதோரில், பதற்றம் மிகுந்தோருக்குப் பின்னர் அந்நோய் வரும் வாய்ப்பு அதிகம். தொடக்கத்தில் மனத்துயர் இல்லாதோரில், வயிற்று நோய் உடையோருக்குப் பின்னர் பதற்றமும் சோர்வும் அதிகம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது.

முதலாவது, உணர்ச்சி வயிற்றைப் பாதிக்கும் என்பது 1833 முதலே கவனிக்கப்பட்டது. வயிற்று நோய் உணர்ச்சியைப் பாதிக்கும் என்பது நெடுங்காலம் ஆய்வுப் பொருளாகவே கருதப்படவில்லை. மனத்துயருக்குக் காரணம் என்ற தகுதி இருந்தபோது மட்டுமே மருத்துவம் அதனைப் பொருட்படுத்தியது.

இரண்டாவது, யாரிடம் எக்கேள்வி கேட்கப்பட்டது என்பதை இடமும் வகுப்பும் முடிவு செய்தன. சிகாகோவுக்கும் நெய்யூருக்கும் இடையிலான வேறுபாடு நோயின் வேறுபாட்டைக் காட்டிலும் பார்வையின் வேறுபாடாகும்.

மூன்றாவது, பதற்றமும் சோர்வும் காரணமாயினும் விளைவாயினும் அவை தம்மளவிலேயே கவனிப்புக்கு உரியவை. புண்ணை ஆற்றும் மருந்து, புண்ணோடு பத்தாண்டு வாழ்ந்தவரின் அச்சத்தைத் தானாக ஆற்றிவிடுவதில்லை.

உடலும் உள்ளமும் ஒருங்கே குன்றுவதை ஒரே சொல்லில் அடக்கிய குன்மம் என்னும் வழக்கு, பிற்கால அறிவியலை முன்கூட்டியே சொன்னது எனப் பெருமை கொள்வதற்கு உரியதன்று. நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்வியை நினைவூட்டுவதே அதன் பயன். தமிழக மருத்துவ வரலாற்றாய்வு, மருத்துவ ஏடுகளையும் மிஷன் மருத்துவமனைகளின் ஆவணங்களையும் நோயின் பெயர்களுக்காகவும் மருந்துகளுக்காகவும் படிப்பதோடு, அவற்றில் நோயுற்றோரின் குரல் எங்கே ஒலிக்கிறது, எங்கே அடங்கியுள்ளது என்றும் தேடிப் படித்தல் வேண்டும். செயின்ட் மார்ட்டினின் சினத்துக்கான காரணத்தைப் போமண்ட் கேட்டிருந்தால், வயிற்று நோயாளிகள் அடையும் மனத்துயரின் வரலாறு இன்னும் முன்னரே தொடங்கியிருக்கும்.